எரிபற்றலும் வீட்டு முற்றமும்

மோட்டார் வண்டியில் மின்னணுவியல் புகுந்தமையால், உரிமையாளன் தன் கையாலேயே பழுதுபார்க்கும் மரபு அழிந்தது என்பர். அமெரிக்க வண்டிகளின் எரிபற்றல் வரலாறு இக்கூற்றை முழுமையாக ஆதரிக்கவில்லை.

1910 ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் இடம்பெற்ற கெற்றரிங்கின் எரிபற்றல் முறை, தொடுமுனைகள் பிரியும்போது பொறியை உண்டாக்கியது. முனைகள் தேயத் தேய, இடைவெளியை அளந்து திருத்துதல் வழமையான பணியாயிற்று. 1973 இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் மின்னணு எரிபற்றலைப் புகுத்தியது. அப்பணி மறையத் தொடங்கியது.

அடுத்த மாற்றத்தைப் போர்ட் நிறுவனத்தின் வேகப் பிக்கப்பான 'லைற்னிங்' தெளிவாகக் காட்டுகின்றது. 1993–1995 காலத்து 5.8 லீற்றர் எஞ்சினில், ஒரே கொயிலின் மின்னை டிஸ்ரிபியூட்டர் எட்டு உருளைகளுக்கும் பகிர்ந்தது. அதன் மூடி, சுழலி, வயர், பிளக் ஆகியவற்றை வீட்டிலேயே மாற்றலாம். வயர்களின் வரிசை பிறழாதிருத்தலே முக்கியம். 1999–2004 காலத்து 5.4 லீற்றர் எஞ்சினிலோ டிஸ்ரிபியூட்டர் இல்லை. உருளைக்கு ஒன்றாக எட்டுக் கொயில்கள் உள்ளன. பொறியின் நேரத்தைக் கணினியே நிர்ணயிக்கின்றது. ஆயினும், 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட பொதுக் குறியீட்டு முறை, எரிதல் தவறும் உருளையைச் சுட்டுகின்றது. அதன் கொயிலை வேறோர் உருளைக்கு மாற்றும்போது குறையும் உடன் சென்றால், பழுது கொயிலிலேயே உள்ளது.

ஆகவே மறைந்தது அளந்து திருத்தும் கைத்திறனே. ஆராய்ந்து பழுதைக் காணும் திறன் அன்று. ஆனால், அத்திறன் குறியீட்டை வாசிக்கும் உரிமையிலே தங்கியுள்ளது. 2012 இல் மசாசூசெற்ஸ் மாநிலம் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது.