கேட்டலும் வினவலும்

வீட்டுக்கு வீடு வானொலி வருமுன்னரே, நம் தோட்டங்களுக்கு அது பொதுச் சொத்தாக வந்துவிட்டது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கச் செய்திகள் தமிழிலும் ஒலித்தன. மக்கள் கூடிக் கேட்டனர். திருப்பிக் கேட்கத்தான் வழியில்லை.

1956இல் இந்தியாவில் புனே வட்டாரத்திலே, யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி வேறொரு முறையைச் சோதித்தது. ஏறத்தாழ 150 கிராமங்களில் மக்கள் வாரம் இருமுறை கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, நம் தோட்டத்து மக்களிற் பலர் குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டியவராயிருந்தனர். என்ன பாரம், என்ன சான்று என்று கேட்டுத் தெளிய ஆளின்றி விட்டவர்களும் உண்டு. 1969இல் வேலைப் பெர்மிட் முறை வந்தபோது, குடியுரிமை இல்லாத பலர் பிழைப்பிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

கேட்டல் என்னும் சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள் உண்டு. தேர்தலானாலும் சுகாதாரமானாலும், முதலாவதோடு நின்றுவிடாமல் இரண்டாவதையும் பழகுவோமாக.