விலக்கு அளித்தலும் விலக்கி வைத்தலும்

விலக்கு அளித்தல் சலுகை. விலக்கி வைத்தல் உரிமை மறுப்பு. இந்தியாவில் ஜூரி முறையின் வரலாறு இவ்விரண்டையும் கண்டது.

1826ஆம் ஆண்டின் ஜூரிச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் இந்தியர்க்கும் ஜூரியில் இடமளித்தது. ஆயினும் கிராண்டு ஜூரியிலும், கிறித்தவரை விசாரிக்கும் ஜூரியிலும் கிறித்தவர் மட்டுமே அமரலாம் என்றது. இந்துக்களையும் இசுலாமியரையும் கிறித்தவர் விசாரிக்கலாம். மறுதலையாக நிகழக் கூடாது. 1828இல் ராம்மோகன் ராய் இப்பாகுபாட்டைக் கண்டித்து எழுதினார். 1832ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கியது.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காவலர், மருத்துவர், வழக்கறிஞர், சமயக் குருமார், அஞ்சல் ஊழியர் முதலியோர்க்கு ஜூரிப் பணியிலிருந்து விலக்கு அளித்தது. அப்பட்டியலில் பெண்கள் இல்லை. ஜூரிப் பணிக்குரியோர் 21 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் என முந்தைய பிரிவே வரையறுத்துவிட்டமையால், பெண்களுக்கு விலக்கு அளிக்கும் தேவையே எழவில்லை.

மதத்தின் பெயரால் விதித்த தடையைச் சட்டம் வெளிப்படையாகக் கூறியது. எதிர்ப்போர்க்குச் சுட்டிக்காட்ட ஒரு வாசகம் இருந்தது. பெண்களை விலக்கி வைக்கவோ ‘ஆண்கள்’ என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிற்று. ஆகவே சட்ட வரலாற்றை ஆராய்வோர் விலக்குப் பட்டியலோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னுள்ள வரையறையையும் வாசித்தல் வேண்டும்.