தூரும் பங்கும்: ஒரு ஜப்பானியச் சொல்லின் வரலாறு

தூர் கட்டி வளரும் செடியை வேரோடு பெயர்த்து, கூறுகளாகப் பிரித்து நடுவதை ஜப்பானியத் தோட்டக்கலை 'கபுவக்கே' என்கிறது. 'கபு' என்பது மரம் வெட்டியபின் எஞ்சும் அடிக்கட்டை. செடியின் தூருக்கும் அதுவே பெயர். 'வக்கே' என்றால் பிரித்தல்.

எடோ காலத்தில், தலைமுறைகளாகக் கைமாறும் தொழிலுரிமையும் 'கபு' எனப்பட்டது. அவ்வுரிமை பெற்ற வணிகக் குழுக்களே 'கபுநகாமா'. மிசுனோ தடகுனியின் சீர்திருத்தம் 1841இல் அவற்றைக் கலைத்தது. 1851இல் அவை மீண்டன. 1878இல் டோக்கியோவில் பங்குச் சந்தை தோன்றியது. நிறுவனப் பங்குக்கும் இன்று 'கபு' என்றே பெயர்.

தோட்டத்திலும் உரிமைக்குப் பூட்டு இருந்தது. மட்சுடைரா சடடோமோ (1773–1856) வாழ்நாளெல்லாம் 'ஹனாஷோபு' என்னும் ஐரிஸ் மலரில் புதுவகைகளை உருவாக்கினார். அவற்றை ஹிகோ நாட்டுச் சாமுராய்களுக்கு, வெளியார்க்குத் தரலாகாது என்ற நிபந்தனையுடனேயே அளித்தார். அந்நிபந்தனைக்கு வலுவிருந்தது. இம்மலரின் விதையிலிருந்து தாய்ச்செடியின் அச்சான பூ வருவதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் வரும். ஆகவே தூர் யாரிடமோ, மலர் அவருடையது.

ஆனால் அதே தூர் வேறொன்றையும் வற்புறுத்தியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நடாவிடில் அது நெருங்கி நலிந்து, பூப்பது குறையும். காப்பவரும் பிரித்தே ஆகவேண்டும். பிரிக்கப் பிரிக்கக் கன்றுகள் பெருகும். டைஷோ காலத்தில் அக்கட்டுப்பாடு தளர்ந்து, ஹிகோ மலர்கள் வெளியுலகை அடைந்தன. பங்கிடாமல் எதையும் காக்க இயலாது என்பதை வணிகச் சட்டங்களுக்கு முன்பே வேர் அறிந்திருந்தது.