ஈக்காட்டு வெஸ்லியன் சபையும் சேரி நத்தமும்: ஒரு சிற்றூர்த் திருச்சபையின் நில வரலாறு

திருவள்ளூரை அடுத்துள்ள ஈக்காடு 19ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். வெஸ்லியன் மெதடிஸ்டுத் திருச்சபையின் சென்னை மாவட்டத்தில் ஊர்ப்புறப் பணிக்கு முதன்மையான நிலையமாக அது வளர்ந்த வரலாறு, பெரும்பாலும் மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆலயம் எந்த மண்ணில் நின்றது, அம்மண் யாருடையது என்ற கேள்வியை அவ்வரலாறுகள் போதிய அளவு எழுப்பவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

தமிழரிடையே வெஸ்லியன் பணி முதலில் இலங்கையில் வேரூன்றியது. 1814இல் இலங்கை வந்த குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் லிஞ்ச், யாழ்ப்பாணத்திலிருந்து 1817இல் சென்னைக்கு வந்தார். அதன்பின் நெடுங்காலம் அப்பணி நகரத்தையும் ஆங்கிலப் பள்ளிகளையுமே பெரிதும் சார்ந்திருந்தது. ஷெட்லாந்துத் தீவைச் சேர்ந்த வில்லியம் கௌடி 1882இல் சென்னை வந்து, பின்னர் திருவள்ளூர் வட்டாரச் சேரிகளில் பணியாற்றத் தொடங்கியபோதே நிலை மாறியது. 1876–78 பஞ்சத்தின் வடு அப்போதும் ஆறவில்லை.

செங்கற்பட்டு மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழக் கால்பங்கினர் பறையர். அவர்களுள் பெரும்பாலோர் மிராசுதாரர்களின் நிலங்களில் உழைத்த படியாட்கள் அல்லது நாட்கூலிகள். ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சேரியில் குடிசை போட்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கும் அம்மனைமீது எழுத்துமூலமான உரிமை இல்லை. அது தம் மிராசுக்கு உட்பட்டது என்பது நிலவுடைமையாளரின் வாதம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து எழுதினாலும், ஊரின் மிராசுதாரருக்கும் பட்டாதாரருக்குமே முன்னுரிமை. கடன் பத்திரத்தைக் காட்டிலும் இந்த மனையுரிமையின்மையே படியாளை ஊரோடு பிணைத்த வலிய கயிறு எனலாம்.

இச்சூழலில் எழுந்த சேரி ஆலயம் பெரும்பாலும் மண்சுவரும் கூரை வேய்ந்த முகடும் கொண்ட ஒரே அறை. வாரநாட்களில் அது பள்ளிக்கூடம். ஞாயிறன்று தொழுகை இடம். உபதேசியாரும் வாத்தியாரும் ஒருவரே. ஆயினும் அந்த அறையைக் கட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. சேரிக்குள் பள்ளிக்கு மனை கேட்டதுமே, அதுவரை யாரும் உரக்கப் பேசாத உரிமைச் சிக்கல் வெளிப்பட்டது. ஞானஸ்நானத்தைப் பொறுத்துக்கொண்ட ஊர்ப் பெரியவர்கள் மனைப்பட்டாவைப் பொறுக்கவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. சமயமாற்றம் அவர்களுக்கு அச்சமூட்டியதைவிட, படியாளின் பெயரில் ஒரு காகிதம் எழுதப்படுவதே அச்சமூட்டியது.

மிஷனெரிகள், குறிப்பாக ஈக்காட்டில் கௌடியும் செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும், இச்சிக்கலை அரசின் முன் கொண்டுசென்றனர். மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் செங்கற்பட்டுப் பறையர் குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையும் நன்கு அறியப்பட்டவை. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற ஒதுக்கீடுகளின் தோற்றுவாய் இங்கேயே உள்ளது. ஆனால் ஆணை ஒன்று, அதன் செயற்பாடு மற்றொன்று. தரிசை ஒதுக்க முன்வந்த அரசு, சேரி நத்தத்தில் மிராசுதாரரோடு மோதத் தயங்கியது. மனைகளை விலைக்கு வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு 1920ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலாளர் துறை அமைந்த பின்னரே ஓரளவு நடைமுறைக்கு வந்தது.

இப்பணி வெஸ்லியன் சபைக்குள்ளேயே எதிர்ப்பின்றி நடக்கவில்லை. சென்னைப் பகுதியில் ஓராண்டளவு மருத்துவ மிஷனெரியாக இருந்து திரும்பிய ஹென்றி லன் (பிற்காலத்தில் பயண நிறுவனம் நடத்திப் புகழ்பெற்றவர் இவரே), மிஷனெரிகளின் வாழ்க்கை வசதியையும் உயர்சாதியினருக்கான கல்விக்குத் தரப்பட்ட முதன்மையையும் தாக்கி 1889இல் எழுதினார். பெரும் பூசல் மூண்டது. சேரிப் பணியை ஆதரித்தோர் மறுபுறம் வேறொரு குற்றச்சாட்டுக்கு விடைகூற வேண்டியிருந்தது: சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்பது அது. இக்குற்றச்சாட்டை மறுக்க முனைந்த மிஷன் எழுத்துகள் மக்களின் ஆன்மிகத் தாகத்தை மிகைப்படுத்தின. இரண்டு தரப்பும் தவறான கேள்வியையே கேட்டன. மனையும் மானமும் கேட்டு ஒரு சேரி கூட்டாகச் சபையில் சேர முடிவெடுத்தது அரசியல் தீர்மானம்; அதனால் அது சமயத் தீர்மானம் ஆகாமல் போய்விடாது.

இவ்வரலாற்றுக்கான மூலங்களுள் பெரும்பகுதி இலண்டனில், கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் வைக்கப்பட்டுள்ள மெதடிஸ்டு மிஷனெரிச் சங்க ஆவணங்களில் உள்ளது. அவை ஆங்கிலத்தில், தலைமையகத்துக்காக, நன்கொடையாளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அடியும் வசையும் முதலில் வாங்கிய உபதேசியார்கள் அவற்றில் பல இடங்களில் பெயரின்றியே வருகின்றனர். வருவாய்த்துறைப் பதிவுகளை அருகில் வைத்துப் படித்தாலன்றி அவ்வெற்றிடம் கண்ணுக்குப் படாது.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன் சபைகளும் அதில் இணைந்தன. மெதடிஸ்டு என்ற பெயர் மறைந்தது. மண் சிக்கல் மறையவில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். அதனால் ஊர்ப்புறச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் உருவாயின. ஒரு காலத்தில் சேரிக்காரரின் பெயரை முதன்முதலாகத் தாளில் எழுதிவைத்த அப்பதிவேடுகளே இன்று அவர்கள் காட்டத் தயங்கும் ஆவணம்.