பருத்தி விதையும் பொட்டலமும்

பருத்தி புடவையாய்க் காய்த்தது என்று நம்மவர் சொல்வதுண்டு. 2001-ஆம் ஆண்டில் குஜராத் உழவர் கண்டதும் ஏறத்தாழ அத்தகைய வியப்பேயாகும். காய்ப்புழு அயல் வயல்களை அழித்திருக்க, ‘நவபாரத் 151’ என்னும் விதையை இட்ட வயல்கள் மட்டும் செழித்து நின்றன. ஆராய்ந்தபோது, புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் மண் நுண்ணுயிரின் மரபணு ஒன்று அவ்விதையிற் சேர்க்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. இசைவு பெறாத விதையாதலின் பயிரை எரித்துவிடுமாறு நடுவணரசின் குழு பணித்தது. விளைந்த பருத்தியை எரிக்க எந்த உழவன் இசைவான்? ஆணை முற்றும் நிறைவேறவில்லை. 2002 மார்ச்சில், இத்தகைய வேறு மூன்று விதைகளுக்கு அரசே இசைவளித்தது.

பயன் இல்லாமற் போகவில்லை. 2002-03-இல் 136 இலட்சம் பொதியாக இருந்த நாட்டு விளைச்சல், 2007-08-இல் 307 இலட்சமாயிற்று. நல்ல மழைக்கும் பாசனத்துக்கும் இதில் பங்குண்டு. எனினும் தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழு மருந்துச் செலவு குறைந்ததை மறுப்பதற்கில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் கருதவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. சீனத்தில் இம்மரபணுவைப் பெரும்பாலும் சாதாரண இரகங்களில் ஏற்றினர். உழவர் தம் விளைச்சலிலிருந்தே மறுவிதை எடுக்க முடிந்தது. இந்தியாவிலோ வீரிய ஒட்டு இரகங்களில் ஏற்றினர். ஒட்டு விதையின் வழித்தோன்றல் தாயைப்போல் விளைவதில்லை. ஆதலால் ஆண்டுதோறும் கடைப்படி ஏறவேண்டியதாயிற்று. 450 கிராம் பொட்டலம் ஏறக்குறைய 1,600 ரூபாய்! 2006-இல் ஆந்திர அரசு வணிக முற்றுரிமை ஆணையத்தில் முறையிட்ட பின்னரே விலை 750 ரூபாய்க்கு இறங்கிற்று. மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால் அப்பணமும் கடனாகவே நின்றது.

என் உள்ளத்தை மிகவும் உறுத்துவது, அவ்விதை பிறக்கும் முறையாகும். மாலையில் ஒவ்வொரு பூவின் மகரந்தப் பைகளையும் கையால் கிள்ளி நீக்கவேண்டும். மறுநாட் காலையில் வேறொரு செடியின் மகரந்தத்தை அதில் தடவவேண்டும். ஆந்திர விதை வயல்களில் இதனைச் செய்தவர்களுட் பலர் உங்களினும் இளைய சிறுமியர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டு வந்தவர். இக்கொடுமை மரபணுவால் விளைந்ததன்று. ஒட்டு விதைத் தொழிலில் முன்பே இருந்தது. ஆயினும் நாடெங்கும் ஒட்டு விதைக்குத் தேவை பெருகியபோது, அப்பூக்களைக் கிள்ளும் வேலையும் பெருகிற்றன்றோ!

புழுவும் வாளாவிருக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றுவிட்டமை 2010-இல் குஜராத்தில் உறுதியாயிற்று. 2015-இல் இரட்டை மரபணுப் பருத்தியும் அங்கே அதற்கு இரையாயிற்று. மருந்துத் தெளிப்பான் மீண்டும் உழவன் தோளில் ஏறியது. அதற்குள் நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவ்விதையே பரவியிருந்தது. வேறு விதை கேட்டுச் சென்றவனுக்கும் கடையில் பெரும்பாலும் அதே பொட்டலந்தான் கிடைத்தது.