எண்ணப்படாத அனுபவம்: செவிலியர் ஊதியமும் சாதியின் கணக்கும்



குலசேகரன்பட்டினத்தின் வரலாறு என்றால் 1942இல் உப்பளத்தில் அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கைச் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தைச் சொல்வார்கள். அந்த உப்பை வாரியவர்களுக்கு என்ன கூலி என்று யாரும் சொல்வதில்லை. கூலியின் வரலாற்றை விட்டுவிட்டுச் சாதியின் வரலாற்றை எழுத முடியாது என்பது நம் நிலைப்பாடு. ஆகவே இந்த நினைவுரையில் செவிலியர் ஊதியத்தை எடுத்துக்கொள்கிறோம்.

நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். பல ஊர்களில் தலித் பெண். பிள்ளை தலை திரும்பியிருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று வயிற்றில் கைவைத்தே சொல்லக்கூடிய அறிவு அவருக்கு இருந்தது. அதற்குக் கிடைத்தது நெல்லும் பழைய சேலையும். அனுபவம் கூடக்கூடக் கூலி கூடும் என்ற வழக்கமே இல்லை. அது கற்ற திறமை அல்ல, பிறப்போடு வந்த கடமை என்று சாதி சொன்னது. கடமைக்கு ஏது ஊதிய உயர்வு?

1870இல் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத நாசரேத்தில் மிஷன் மருத்துவர் ஸ்ட்ராச்சன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். மிஷன் மருத்துவமனைகள் வந்தபின் செவிலியம் படிப்பாக மாறியது. ஆனால் ரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை தீட்டு என்று ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. கிறித்தவம் தழுவிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் விதவைகளும்தான் முதலில் வந்தார்கள். 1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை. இவ்வளவு அரிய உழைப்புக்கு மதிப்பு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

இன்று எல்லாச் சாதிகளிலிருந்தும் செவிலியர் வருகிறார்கள். வேலையின் மேல் ஒட்டிய பழைய மதிப்பீடு மட்டும் போகவில்லை. 2015இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் 7,243 செவிலியர் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. தேர்வானவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. நாளுக்கு 257 ரூபாய்கூட இல்லை. 2017-18இல் நூறு நாள் வேலைக்குக் கூலி 205 ரூபாய். அதுவும் போதாத கூலிதான். படிப்புக்கும் இரவுப் பணிக்கும் அரசு போட்ட விலை அதற்கு மேல் ஐம்பது ரூபாய் சொச்சம்! 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர் அமர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது.

தொகுப்பூதியத்தின் சூழ்ச்சி அதன் சிறிய தொகையில் மட்டும் இல்லை. 2015இல் தந்த தொகுப்பூதியத்தில் காலமுறை ஊதியத்தின் ஆண்டு உயர்வு இல்லை. பிரசவ அறையில் வருடக்கணக்காக நின்றாலும் காலமுறை ஊதியம் தானாக வருவதில்லை. மருத்துவச்சியின் அனுபவத்தை எண்ணாத அதே கணக்கு, அரசாணையின் மொழியில் திரும்பி வந்திருக்கிறது. 2020இல் கொரோனா வார்டுகளுக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31உடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொற்றுக்கு நடுவே அவர்கள் பெற்ற அனுபவம் அந்த வேலையைக் காக்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. தற்காலிக ஊழியருக்கும் அது பொருந்தும் என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு ஊதியத்துக்கு இணை என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 2018இல் அங்கே 20,000 அரசாணையானது. பரிந்துரை தானாக நடந்துவருவதில்லை.

கூலி கேட்பதன் விலை இந்தத் தாமிரபரணிக் கரைக்குத் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேரை ஆற்றில் இழந்தோம். தேயிலை பறித்தவரின் கோரிக்கையும் ஊசி போடுபவரின் கோரிக்கையும் வேறு வேறல்ல.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். செவிலியர் என்று சேர்ந்தார், என்ன வாங்கினார், இன்று என்ன வாங்குகிறார் என்று அவர் விருப்பத்தோடு, பெயரில்லாமல் எழுதி வாருங்கள். உயிரோடு இருக்கும் மருத்துவச்சிகளிடமும் கேளுங்கள். பணிக்காலத்தை முதல் நாளிலிருந்தே எண்ணு என்ற கோரிக்கைக்கு அந்த ஏடுகளே சான்றாக நிற்கும்.

ஜெய்பீம்.