ஊவாத் தோட்டப் பெயர்களும் வம்சாவளியும்

டாம்வேர்த் என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர். அவுஸ்திரேலியாவில் ஒரு நகர். செந்நிறப் பன்றியினமொன்றின் பெயரும் அதுவே. யோர்க்ஷயர், பார்க்ஷயர் ஆகியனவும் இவ்வாறு நிலத்துக்கும் பன்றிக்கும் பொதுவானவை. வேடிக்கையாகத் தோன்றும் இச்செய்தி ஊவா மலைநாட்டுடன் நோக்குமிடத்து வேடிக்கையாக இல்லை.

பண்டாரவளைக்கு அண்மையில் எய்ஸ்லபி என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. யோர்க்ஷயரிலும் அப்பெயருடைய சிற்றூர்கள் உள. அப்புத்தளையின் ரோஹாம்ப்டன் இலண்டன் புறநகரொன்றின் பெயர். அங்கேயே 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை கெண்ட் கிராமமொன்றை நினைவூட்டுவது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் நிலத்தை மக்களிடமிருந்து பிரித்தது. பெயரிடும் உரிமையும் நிலவுடைமையோடு சென்றது. ஆயின் தம்பதென்ன, தொட்டுலாகலை போன்ற சிங்களப் பெயர்கள் துரைமார் காலத்திலும் நிலைத்தன என்பதை மறைத்தல் ஆகாது.

தொழிலாளர் அதிகாரபூர்வப் பெயர் எதையும் சூட்டும் நிலையில் இருக்கவில்லை. எனினும் அவர்தம் செவி வாளாவிருக்கவில்லை. வயலைக் குறிக்கும் 'வெல' பண்டாரவளையில் 'வளை' ஆயிற்று, வெலிமட, வெலிமடை ஆகி நீர் பாயும் மடையை நினைவூட்டலாயிற்று, பதுல்ல பதுளையாயிற்று. உழைக்கும் மக்களின் மொழி நிலத்தைத் தனதாக்கிய ஒரு வழி இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

சட்டமோ வேறு வழி சென்றது. பிரித்தானியாவில் 1884இல் பன்றி வளர்ப்போர் சங்கம் அமைத்து வம்சாவளிப் பதிவேடு பேணத் தொடங்கினர். விலங்கு எங்குப் பிறப்பினும் தந்தை வழியும் தாய் வழியுமே அதன் இனப்பெயரை உறுதிசெய்யும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மனிதரிடமும் இவ்வினாவையே எழுப்பியது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். எய்ஸ்லபி லயத்திற் பிறந்தவர் அப்பூட்டனுக்கு எங்கே சான்று தேடுவார்? கங்காணியின் பற்றுச்சீட்டில் பிறப்புப் பதியப்படுவதில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; எய்ஸ்லபி எய்ஸ்லபியாகவே நின்றது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் பிரஜாவுரிமை அளித்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், பிறப்பிடச் சான்றைவிட வாழ்ந்திருத்தலையே முதன்மையாக நோக்கியது. ஆயினும் அச்சட்டத்தின் தலைப்பிலேயே 'இந்திய வம்சாவளியினர்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.